மூன்றாவது ஆள்

அறைக்குள் தன்னோடு இரண்டு பேர் இருந்தார்கள் என்று லூர்தம்மா சொன்னபோதுதான் தவநாயகி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

தென் லண்டனில் ஹோம்பிறிட்ஜ் கவுன்சிலுக்குத் தெரிவான உறுப்பினர் தவநாயகி. கிழமை நாட்களில் தன் மருந்துக்கடையில் நிற்பாள். சனிக்கிழமை காலையில் நூலகத்துப் பின்னறையில் தொகுதிச் சனங்களைச் சந்திப்பாள். குப்பை எடுக்கவில்லை, பாக்கிங் தண்டம் அநியாயம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். லூர்தம்மா வந்த காரணம் வேறு. மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். புருஷனின் அடி தாங்கேலாமல் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிருந்தாள். பாஸ்போட் அவனுடைய கையில். விசாவும் முடிந்துவிட்டது.

"பிள்ளையோட றோட்டில நிண்டா கவுன்சில் கட்டாயம் பாக்கும் எண்டு சேர்ச்சில சொன்னவை, அக்கா. போனன். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை நல்லாக் கதைச்சவ. பக்கத்தில இன்னொருத்தர் இருந்தவர். அவர்தான் துருவித் துருவிக் கேட்டவர். விசா எப்ப முடிஞ்சது, எந்த வீட்டில இருக்கிறாய் எண்டு. அவரும் கவுன்சில் ஆள்தானே எண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

"ஆர் அவர்?"

"இமிக்கிரேஷன் ஆள். வந்து கையெழுத்து வை எண்டு அவையிட்ட இருந்து அறிவித்தல் வந்தாப் பிறகுதான் எனக்கு விளங்கினது."

அதற்குப் பிறகு அவள் கவுன்சில் பக்கமே போகவில்லை. சேர்ச் பங்கைச் சேர்ந்த மேரிசாந்தி என்ற ஆசிரியையின் முன்னறையில் மகளோடு படுத்தெழும்பினாள்.

தவநாயகிக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷம் அந்தக் கவுன்சிலில் இருக்கிறாள். இப்படி ஒருவர் இருப்பது அவளுக்கே தெரியாது. திங்கட்கிழமை போய் விசாரித்தாள். உதவிப் பிரிவின் பொறுப்பதிகாரி ஒளிக்கவில்லை. ஓம், மத்திய அரசின் குடிவரவு அதிகாரி ஒருவர் எங்களோடு இருக்கிறார், பழைய ஏற்பாடு, எல்லாருக்கும் வசதி என்றார். உதவி கேட்டு வருகிறவர்களுக்கு அவர் யாரென்று சொல்கிறீர்களா என்று இவள் கேட்டாள். அப்படி ஒரு விதி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பினார்.

கவுன்சில் தலைவரிடம் போனாள். இவளுடைய கட்சிக்காரர்தான்.

"குடிவரவு மத்திய அரசின் அதிகாரம், தவா. அதில் ஒரு உள்ளூர்க் கவுன்சில் மூக்கை நுழைக்க முடியாது."

"நானும் அதைத்தான் சொல்கிறேன். அது அவர்களுடைய வேலை. அவர்களே செய்யட்டும். பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுப்பது எங்கள் வேலை. அந்த அறையில் இரண்டையும் ஏன் கலந்தோம்?"

தலைவர் சிரித்து மழுப்பினார். அன்றைக்கே அவள் தீர்மானம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டாள்: கவுன்சிலின் உதவி அறைகளில் குடிவரவு அதிகாரிக்கு இடமில்லை, நீதிமன்ற உத்தரவோ சட்டக் கட்டாயமோ இல்லாமல் எவருடைய விபரமும் கைமாறக் கூடாது.

அடுத்த நாளே வாமதேவன் போன் எடுத்தார். கவுன்சிலில் இருந்த மற்றத் தமிழர் அவர். கணக்காளர், எதையும் ஒழுங்கு முறையோடு செய்கிற மனுஷன்.

"தங்கச்சி, நானும் அகதியா வந்தவன்தான். ஆனா சட்டத்துக்கு அமைஞ்சு நடந்தனான். இப்ப நீர் இதைக் கொண்டுவந்தா, தமிழர் தங்கட ஆக்களுக்கு வக்காலத்து வாங்கினம் எண்டு கதைப்பினம். என்னால கை உயர்த்த ஏலாது."

"நீங்கள் உயர்த்தாட்டியும் பரவாயில்லை அண்ணை. கூட்டத்தில நான் பேசுறதைக் கேளுங்கோ."

பிறகு அவள் ஓய்ந்திருக்கவில்லை. கடையைப் பூட்டியதும் புறப்பட்டாள். கோயில் நிர்வாகத்தினர், பள்ளிவாசல்காரர், பள்ளி அதிபர்கள், அடிபட்ட பெண்களுக்குத் தங்குமிடம் நடத்துகிறவர்கள் என்று ஒவ்வொருவராய்ப் பிடித்தாள். போன இடமெல்லாம் இதே கதை. பயத்தில் கவுன்சிலை எட்டிப் பார்க்காத நைஜீரியத் தாய், கானாக்காரி, தமிழிச்சி. தனித்தனியாக விழுங்கியிருந்த பயம் இப்போது ஒன்றாகச் சேர்ந்து வாய் திறந்தது.

கவுன்சில் கூட்டத்தன்று, பார்வையாளருக்கான மேல்மாடத்தில் சனம் நிற்க இடமில்லை. பொதுமக்கள் பேசலாம் என்றதும் லூர்தம்மா எழும்பினாள். தவநாயகி பிடித்துக் கொடுத்த வழக்கறிஞர் ஒருவர் அதற்குள் அவளுடைய விசா விண்ணப்பத்தைப் போட்டிருந்தார்; பேச வேண்டாம் என்றும் ஒருக்கால் சொல்லியிருந்தார். "நான் பேசுவன்" என்று அவள் நின்றுவிட்டாள். அவள் தமிழில் பேச, மேரிசாந்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எனக்கு அடிச்ச ஆளுக்கு நான் பயப்பிட்டன். அதால உங்களிட்ட வந்தன். இப்ப உங்களுக்கும் பயப்பிடுறன். என்ர பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இனி நான் எங்க போறது?"

ஆனாலும் தலைவர் எழுந்து, மனம் நோகிறதுதான், ஆனால் மத்திய அரசின் சட்டத்தை நாங்கள் மீற முடியாது என்றார். பல தலைகள் ஆடின. தீர்மானம் கைநழுவிப் போகிறது என்று தவநாயகிக்குத் தெரிந்தது. எழுதி வைத்த பேச்சை அப்படியே ஒதுக்கிவிட்டு, கவுன்சிலின் சட்ட அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த அறையில் குடிவரவு அதிகாரிக்கு நாங்கள் இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமாவது சொல்கிறதா?"

சட்ட அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இல்லை. அவர்களுடைய வேலையை நாங்கள் தடுக்க முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு கவுன்சில் தானாக விரும்பிச் செய்துகொண்டது. எப்போது விரும்பினாலும் முடித்துக்கொள்ளலாம்."

சபைக்குள் ஒரு சலசலப்பு ஓடியது. கட்டாயம் என்று எல்லாரும் நம்பியிருந்தது வெறும் பழக்கம். தவநாயகி இன்னும் இரண்டே வசனம்தான் பேசினாள். "மத்திய அரசின் அதிகாரத்தில் நான் ஒரு துளியும் கேட்கவில்லை. எங்கள் கதவைத் திரும்பத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்."

கைகள் உயர்ந்தன. முதலில் பின்வரிசை. பிறகு எதிர்க்கட்சியில் மூன்று பேர். அதற்குப் பிறகு, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, வாமதேவன். தலைவர் அக்கம்பக்கம் பார்த்தார். கடைசியில் அவருடைய கையும் மெல்ல மேலே போனது.

தீர்மானம் நிறைவேறியது என்று, கூட்டத்தை நடத்திய மேயர் சொல்லி முடிக்கும் முன்பே மாடம் வெடித்தது. கைதட்டல், குலவை, ஆபிரிக்கப் பெண்களின் பாட்டு. அமைதி, அமைதி என்று மேயர் சுத்தியலைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தானும் சிரித்துக்கொண்டு கைவிட்டுவிட்டார். லூர்தம்மா படிகளில் ஓடிவந்து தவநாயகியைக் கட்டிப்பிடித்தாள்.

வாசலில் வாமதேவன் நின்றார். "சட்டத்தில இல்லாததை நாங்கள் ஏன் தலையில தூக்கிக்கொண்டு திரிவான்?" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்தது போல. தவநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதுதானே அண்ணை!"

மாதம் முடியமுதல் ஏற்பாடு நின்றது. லூர்தம்மா மறுபடி போனாள். இந்த முறை ஒரே ஒரு பெண், தன் பெயரையும் வேலையையும் சொல்லிக் கைகொடுத்தாள். பிள்ளை என்ன சாப்பிடும் என்று கேட்டாள். அன்று பின்னேரமே தாய்க்கும் மகளுக்கும் ஒரு அறையின் திறப்பு கையில் கிடைத்தது. குடிவரவு வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அதை இனி அவள் வழக்கறிஞரோடு, பூட்டுள்ள ஒரு அறையில் இருந்துகொண்டு நடத்துவாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துப் பின்னறைக்கு வெளியே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. முன்பு ஒருபோதும் வராத முகங்கள். தவநாயகி முதல் ஆளைக் கூப்பிடப் போகையில் கைத்தொலைபேசி அடித்தது. பக்கத்துக் கவுன்சிலின் உறுப்பினர் ஒருத்தி.

"உங்களுடைய தீர்மானத்தை எங்களுக்கும் அனுப்புவீர்களா? இங்கேயும் அப்படி ஒருவர் இருக்கிறாராம்."

"இப்போதே அனுப்புகிறேன்" என்றாள் தவநாயகி. "வாக்கெடுப்பு எப்போது என்று சொல்லுங்கள். நாங்கள் எல்லாரும் வந்து உங்கள் மாடத்தை நிரப்புகிறோம்."