தனேஷ் கையிலிருக்கும் மட்டை

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஈப்போவில் ஒரு விளையாட்டு இதழுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: உங்கள் வீச்சுக்கு ஏற்ற கோல்ஃப் மட்டைத் தண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நான் கோல்ஃப் ஆடியதே இல்லை. ஆனால் எதைப் பற்றியும் எழுதிவிடலாம் என்ற தைரியம் எனக்கு எப்போதும் உண்டு. இப்படித் தொடங்கினேன்:

"மட்டையின் தலையையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டு எஃகு, கிராஃபைட் என இரண்டு வகைப்படும். எஃகுத் தண்டு கனமானது, அதிகம் முறுக்கிக்கொள்ளாது. வேகமாக வீசுகிறவர்களுக்குப் பந்தின் திசை..."

அதோடு நின்றுவிட்டது. தகவல் சேகரிக்க ஹாபிஸின் கோல்ஃப் கடைக்குப் போன இடத்தில் நண்பன் தனேஷையும் அவன் மனைவி பிரமிளாவையும் பார்த்துவிட்டேன். (கட்டுரை இதுவரை போய்ச் சேரவில்லை. ஆசிரியர் மன்னிக்க வேண்டாம், இதைப் போட்டுக்கொள்ளட்டும்.)

2

"கணவனுக்குத் துணையாக ஆட வந்த பிரமிளா..." என்று எழுதி, உடனே அடித்தேன். அவள் யாருக்கும் துணையாக வந்தவள் இல்லை. லகாட்டில் உடற்கல்வி ஆசிரியை. பள்ளி நாட்களில் மாநில அணிக்குப் பூப்பந்து ஆடியவள். தனேஷ் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். கோல்ஃபில் அவளுக்கு முன்னோடி. கிளப்பில் நடக்கவிருந்த தம்பதியர் போட்டிக்கு அவளுக்குப் புது மட்டை வாங்க வந்திருந்தார்கள்.

ஹாபிஸ் யோசிக்கவே இல்லை. "அக்கா, இந்த கிராஃபைட் எடுங்க. லேடிஸ் ஷாஃப்ட். ரிங்ஙானா இருக்கும், வெயிட்டே தெரியாது."

கடைக்குள்ளேயே வலை கட்டி, வேகம் காட்டும் கருவியும் வைத்திருந்தான். பிரமிளா அடித்தாள். பந்து இடது பக்கம் வளைந்து போனது. மறுபடி அடித்தாள். இன்னும் இடது.

"மெதுவா வீசு லா," என்றான் தனேஷ்.

"மெதுவா வீசறதுக்கு நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லிக்கொண்டே அவன் பையிலிருந்த ஏழாம் எண் எஃகு மட்டையை உருவினாள். ஒரே அடி. பந்து வலையின் நடுவில் போய் அறைந்தது.

ஹாபிஸ் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "தப்பு என்னுது அக்கா. பொம்பளைன்னு பாத்து குடுத்துட்டேன், வீச்சப் பாக்கல. உங்க ஸ்பீடுக்கு அந்த ஷாஃப்ட் ரொம்ப வளையுது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அண்ணன விட நீங்க வேகம்."

தனேஷ் சிரித்தான். "குடு, நான் அடிக்கிறேன்." அதே எஃகு மட்டைதான். பந்து தாழ்வாக வலது பக்கம் போய் விழுந்தது. அவன் இடது கை வலது முழங்கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விலகியது.

பிரமிளா அதைப் பார்த்துவிட்டாள். "எப்பலருந்து?"

"ஒண்ணுமில்ல."

"ஏங்க, எப்பலருந்துன்னு கேட்டேன்."

"தீபாவளிக்கு முந்தியே," என்றான் அவன்.

ஹாபிஸ் ஆண்களுக்கான கிராஃபைட் மட்டை ஒன்றை நீட்டினான். அடியின் அதிர்வு கைக்கு அவ்வளவாக ஏறாது, எடை குறைவதால் அவன் வீச்சுக்கு வேகமும் கூடும் என்றான். தனேஷ் அதைத் தொடவில்லை.

3

இந்த இடத்தில் தனேஷ் மட்டையை வீசி எறிந்துவிட்டு வெளியேறுவதாக எழுதியிருந்தேன். நல்ல காட்சி. ஆனால் பொய். அப்படி எழுதினால் அவன் வெறும் வறட்டுக் கௌரவக்காரன் ஆகிவிடுவான். எனக்கும் வேலை சுலபமாகிவிடும்.

நடந்தது வேறு. அவன் என்னோடு பக்கத்துத் தேநீர்க் கடையில் தே தாரிக் குடித்தான்.

"கிராஃபைட்டு கிழவனுங்க ஸ்டிக் மச்சான்," என்றான். "எங்க அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால் வெட்டுன தோட்டம்தான் இப்ப அந்த கோல்ஃப் கோர்ஸ். அந்த கேட்டுல மெம்பரா நுழைஞ்சப்ப நான் தூக்கிட்டுப் போனது இந்த ஸ்டீல் செட்டுதான். இத வச்சிட்டு வேற எடுத்தா, ஏதோ எறங்கிட்ட மாதிரி இருக்கு."

நான் குறித்துக்கொள்வதைப் பார்த்ததும் சிரித்தான். "ரப்பர் மரத்தப் பத்தி உருகி எழுதிடாத லா. அங்க இப்ப புல்லுதான். நல்ல புல்லு."

(எழுதவில்லை, தனேஷ்.)

4

போட்டியன்று நானும் கூடவே நடந்தேன். ஜோடிக்கு ஒரே பந்து. கணவனும் மனைவியும் மாறி மாறி அடிக்க வேண்டும். பிரமிளா புது எஃகு மட்டைகளோடு வந்திருந்தாள். "அவள் வீச்சு மின்னலைப்..." வேண்டாம். நன்றாக அடித்தாள், அவ்வளவுதான். தனேஷின் பையில் பழைய எஃகு மட்டைகளோடு, ஹாபிஸ் சோதித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பிய ஏழாம் எண் கிராஃபைட் மட்டையும் இருந்தது. வழியெல்லாம் அதை அவன் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் முகம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது.

கடைசிக் குழி வரை இரு ஜோடியும் சமம். குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டும். தனேஷின் முறை. எதிர் ஜோடி சதாசிவமும் அவர் மனைவியும் பின்னால் நின்றார்கள்.

தனேஷ் எஃகு மட்டையோடு பந்தின் முன் நின்றான். ஓங்கவில்லை. பின்வாங்கினான்.

"பிரமி, எத எடுக்கட்டும்? நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். கை உங்களோடது," என்றாள். "வலிச்சா வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அத ஒரு தடவகூட என்கிட்ட சொன்னதில்ல நீங்க."

தனேஷ் குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சதாசிவம் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குது," என்றான் தனேஷ், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரொம்ப வலிக்குது பிரமி."

அவள் அவன் கையிலிருந்த எஃகு மட்டையை வாங்கிக்கொண்டாள். அவன் பைக்குப் போய் கிராஃபைட்டை உருவிக்கொண்டு வந்து, அடித்தான்.

5

பந்து குட்டைக்கு மேலே இருக்கிறது. இந்த வாக்கியத்தைத் தாண்டி நான் எழுத மாட்டேன்.

முடிவு தெரியாததால் அல்ல. நான் அங்கேதான் நின்றேன். பந்து தண்ணீரில் விழுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்; படித்தவர்கள், பாவம், எஃகையே எடுத்திருக்கலாம் என்றார்கள். குழிக்குப் பக்கத்தில் விழுவதாக எழுதினேன். கிராஃபைட் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றார்கள். இரண்டு முடிவிலும் எல்லோரும் பந்தையே பார்த்தார்கள். பிரமிளா மட்டும் அன்று பந்தைப் பார்க்கவில்லை, அடித்து முடித்தவனின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே பந்து உங்களுடையது. தாண்ட வைப்பீர்களோ, மூழ்கடிப்பீர்களோ, கோப்பையைச் சதாசிவத்துக்கே கொடுப்பீர்களோ, உங்கள் பாடு. தனேஷ் கையில் மட்டும் பழைய எஃகைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.