ஒரு புள்ளிகூட இல்லாத வட்டம்

1

அக்கா இன்னும் ஒரு வார்த்தை பேசினால் சரி என்று சொல்லிவிடுவேன். சொல்லித் தொலைத்தால் இந்த விடைத்தாள் கட்டையாவது நிம்மதியாகத் திருத்தலாம்.

இப்படி நினைப்பவள் கணக்கு டீச்சர், கணவனைப் பிரிந்து தனியாக இருப்பவள். அவனிடமே திரும்பிப் போகச் சொல்லி அக்கா வந்து உட்கார்ந்திருக்கிறாள். சமன்பாட்டைப் பார்த்தே அது எந்தக் கூம்பு வெட்டு (வட்டமா, நீள்வட்டமா, பரவளையமா) என்று சொல்லும் அட்டவணை ஒன்று இந்தக் கதையை எழுதும் என் கண்ணில் பட்டது. கதை அங்கேதான் முளைத்தது. மனிதர்களையும் நாம் கெழுக்களை, அந்த x, y-க்கு முன்னால் நிற்கும் எண்களை, மட்டும் பார்த்து...

(வேண்டாம். உபதேசம் எட்டிப் பார்க்கிறது.)

2

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். பரவளையம்: ஒருமுறை பக்கத்தில் வந்து திரும்பியவள், பிறகு வருவதே இல்லை. அதிபரவளையம்: ஆளுக்கொரு கிளை, முதுகைக் காட்டிக்கொண்டு. நீள்வட்டம்: மாமியார் வீடு, அம்மா வீடு என இரண்டு குவியங்கள், ஒன்றை நெருங்கினால் மற்றது தூரம், ஆயுசுக்கும் சுற்று.

அக்கா கேட்பதோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டம்.

3

"குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. வேலை முடிஞ்சா நேரா வீடு. வேறென்னடி வேணும் உனக்கு?"

"பேசணும்க்கா."

"பேசவா? எங்க வீட்டுக்காரர் கடைசியா என்கிட்ட பேசினது, 'ரிமோட் எங்க?'"

இருவருமே சிரித்துவிட்டார்கள். (முதல் வரைவில் அக்காவை வில்லியாக்கப் பார்த்தேன். இந்த ஒரு வரியில் தப்பித்துவிட்டாள்.)

4

பேச்சிலிருந்து நழுவ, டீச்சர் தான் உருவாக்கிய கேள்வியையே பார்த்தாள்: x² + y² − 4x − 6y + 14 = 0, இது எந்தக் கூம்பு வெட்டு? x², y² கெழுக்கள் சமம், xy இல்லை. வட்டம். வகுப்பே அப்படித்தான் எழுதியிருந்தது. அவளுடைய விடைக்குறிப்பும் அதையே சொன்னது. ஆரம் என்ன என்று பார்ப்போமே என்று ஓரத்தில் முழு வர்க்கங்களாக மாற்றி எழுதினாள்.

(x − 2)² + (y − 3)² = −1.

இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் எதிர்மறை எண் எப்படி வரும்? தாள் முழுக்கத் தேடினாலும் இதற்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. வட்டத்துக்கான லட்சணம் எல்லாம் இருக்கிறது, வட்டம்தான் இல்லை.

அவள் கண்களில்...

(அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.)

தோள்கள் தாமாக இறங்கின. அந்த வீட்டில் இத்தனை வருடம் தேடியும் கிடைக்காததைத் தன் கண்ணின் கோளாறு என்றல்லவா நினைத்திருந்தாள்!

5

"கேள்வியே தப்புக்கா. எல்லாருக்கும் மார்க் போட்டுடணும்."

"அதை விடு. உன் வீட்டுக்காரர் ஃபோனை வச்சுக்கிட்டு காத்திருப்பாரு. என்ன சொல்லட்டும்?"

நானும்தான் காத்திருக்கிறேன். அக்கா கோபித்துக்கொண்டு போனாளா, இவள் பிறகு வருந்தினாளா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது: அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"வரலைன்னு சொல்லுக்கா."