டாக்டர் உடனே வாசலுக்கு வரவும்

ஜஹீதா கதவைத் தட்டவில்லை; இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தாள். சாப்பாடு முடிந்து மயிலாப்பூரே கண்ணயர்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் அது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பிறகுதான் டாக்டர் வீட்டுக் கதவு திறந்தது.

வந்தது டாக்டரின் மனைவி. புர்காவுக்குள் இருப்பது யாரென்று தெரியாமல் அந்த அம்மாள் ஒரு அடி பின்னால் போனாள்.

"போர்டு எழுதற கய்யூம் வீட்டுலேருந்து வர்றேம்மா. அவங்களுக்கு இழுப்பு. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. டாக்டர் சாபைக் கூப்பிடுங்கம்மா."

"அடடா, அவர் ஆத்துல இல்லையேம்மா! ஞாயித்துக்கிழமையாச்சே, படக் கழகத்துக்குப் போயிட்டார். கோபாலபுரத்துல, அந்த ஸ்கூல் ஹால்ல. உங்காத்துக்காரரும் அங்கதான் இருப்பார்னு நெனைச்சேன்."

"இன்னிக்குப் போகலைம்மா."

"மருந்துப் பெட்டி கார்லதான் இருக்கு. நிக்காதேம்மா, ஓடு."

வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம் என்றால், அனுப்ப ஆள் இல்லை. சந்தில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் ஒரு நிக்காவுக்காக வாணியம்பாடி போயிருந்தார்கள். மீதிப் பேர் படம் பார்க்கப் போயிருந்தார்கள். நாத்தனார் ஷாகிராவைக் கய்யூமின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஜஹீதாவே கிளம்பினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து துணையில்லாமல் அவள் தெருவில் நடந்தது இதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. இழுப்பு முற்றினால் கய்யூமால் படுக்க முடியாது, சாயவும் முடியாது. எதிரே அடுக்கிய தலையணைகளின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சைப் பிடிக்க வேண்டும். "இந்த நெலமையில ஆளை அசைக்கவே கூடாது. வண்டியில ஏத்தாதீங்கோ. என்னைக் கூப்பிடுங்கோ, நான் வரேன்" என்று டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் வந்து தோளில் ஒரு ஊசி போடுவார். சிறிது நேரத்தில் தோள்கள் இறங்கும். கய்யூம் கண்ணைத் திறந்து, "ஊசிக்குப் பதிலா ஒரு டீ சொல்லியிருந்தாலே எழுந்திருப்பேனே, டாக்டர் சாப்" என்பார். போன மழைக்காலத்தில் அப்படி ஆயிற்று. ரம்ஜான் முடிந்ததும் அப்படியே ஆயிற்று. ஊசி வந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். அதில் ஜஹீதாவுக்குச் சந்தேகமே கிடையாது.

தெருமுனையில் தணிகாசலத்தின் கைரிக்‌ஷா நின்றுகொண்டிருந்தது.

"கோபாலபுரமா? இன்னாம்மா, இந்த வெயில்ல ரோடெல்லாம் அடுப்பு மாரி கீது."

"எங்க வீட்டுக்காரருக்கு முடியலை. டாக்டரைக் கூட்டியாரணும். போர்டு கய்யூம்."

தணிகாசலம் வாயிலிருந்த பீடியைத் துப்பினான். "கய்யூம் நைனாவுக்கா? ஏறு. கெட்டியா புட்சிக்கோ."

பிறகு அவன் அவளோடு பேசவில்லை. ராயப்பேட்டை பெரிய ரோட்டில் குறுக்கே வந்த சைக்கிள்காரனோடு மட்டும்தான் பேசினான். "ஓரம் போய்யா! கண்ணு கீதா, வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" புர்காவுக்குள் ஜஹீதாவின் மூச்சும் கணவனுடைய மூச்சைப் போலவே ஏறி ஏறி நின்றது.

காலையிலேயே டாக்டருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அவள் கய்யூமிடம் சொல்லியிருந்தாள். அப்போது கய்யூம் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றாலும் பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு சீசன்ல கடைசிப் படம், ஜஹீதா. கப்பல் படம். அதைப் பார்க்கணும்னு டாக்டர் மழை நின்னதுலேருந்து சொல்லிக்கினு இருக்காரு. கெடுத்துடாதே. இது தானா சரியாயிடும். ரெண்டாவது ரீலுக்கு நானும் போய்டுவேன்." அழைத்துப் போக வந்த அப்துல் வஹீதிடமும் அதையே சொன்னார். வஹீதுதான் கழகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். "லேட்டா வருவான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்று கய்யூம் அவரைத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தார்.

யுத்தம் முடிந்து பட்டாளத்து முகாம் காலியானபோது ஏலத்தில் எடுத்த மெஷின் அது. அதை வைத்துக்கொண்டு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த கழகம். ஞாயிறுதோறும் ஒரு படம். படம் ஓடும்போது யாரையாவது வெளியே கூப்பிட வேண்டுமானால் உள்ளே போய்க் கத்தக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். ஒரு கண்ணாடிச் சில்லில் எழுதி, பக்கத்திலிருக்கும் சின்ன லாந்தரில் செருகினால், திரையின் அடியில் எழுத்து விழும். எழுதுகிற வேலை கய்யூமுடையது. கடைகளுக்குக் கண்ணாடியில் பெயர் எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு வாசகத்தின் கடைசியிலும் மீசை முறுக்கியதுபோல ஒரு சுழி போடுவார்.

அந்த வேலையைச் சும்மா செய்ய அவரால் முடியவில்லை. முதல் வாரமே, 'டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் உடனே வாசலுக்கு வரவும். வாசலில் குதிரை பிரசவம்' என்று எழுதினார். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு டாக்டர் நிஜமாகவே எழுந்து ஓடினார். ஹால் சிரித்தது. அதிலிருந்து வாரம் ஒன்று தவறாமல் வந்தது. மாட்டுக்கு இருமல், கோயில் யானைக்குப் பல்வலி. எழுத்து விழுந்ததும் வஹீது, "நெசமாத்தான் டாக்டர்!" என்று மெஷின் பக்கத்திலிருந்து கத்துவார். டாக்டர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். ராத்திரிச் சாப்பாட்டின்போது கய்யூம் இதையெல்லாம் நடித்துக் காட்டுவார். ஆட்டுக்கு ஜலதோஷம் என்று எழுதச் சொன்னது ஜஹீதாதான்.

பள்ளிக்கூட ஹாலின் ஜன்னல்களில் யுத்தத்தின்போது ஒட்டிய கறுப்புத் தாள் இன்னும் இருந்தது. வாசலில் முக்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தங்கவேல் என்று கய்யூம் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"லேடீஸுக்கு அந்தாண்ட வாசல்மா. ரீல் மாத்தச்சொல்லோதான் உள்ள வுடுவேன்."

"டாக்டரைக் கூப்பிடுங்க. கய்யூமுக்கு உயிர் போகுது. நான் அவங்க வீட்டுக்காரி."

தங்கவேல் எழுந்ததில் முக்காலி சாய்ந்தது. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கும்மிருட்டு. பெஞ்சுகளில் ஆள், தரையில் ஆள், நடைபாதையில் ஆள். திரையில் புயலில் சிக்கிய கப்பல் ஒன்று பெரும் இரைச்சலோடு ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் எந்த மூலையில் இருக்கிறார் என்று யார் கண்டது? "இருமா, இதோ வஹீது பாய்கிட்ட சொல்லி ஸ்லைடு போடச் சொல்றேன்" என்று அவர் குனிந்துகொண்டே ஓடினார்.

கதவிடுக்கில் ஜஹீதா நின்றாள். மெஷினுக்குப் பக்கத்தில் தங்கவேலின் தலை வஹீதின் காதோடு ஒட்டுவது தெரிந்தது. வஹீது பதறிப்போய் ஒரு பெட்டிக்குள் கையை விட்டார். புதிதாக எழுதினால் மை காய வேண்டும். கய்யூம் முன்பே எழுதி வைத்த சில்லு இருக்கிறது, வாசகமும் சரியாக இருக்கிறது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. எடுத்துச் செருகினார்.

கப்பலுக்குக் கீழே எழுத்து விழுந்தது. 'டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் உடனே வாசலுக்கு வரவும். உயிர் போகிற அவசரம்.'

ஜஹீதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் கடைசியில் இருந்த சுழியை அடையாளம் தெரிந்தது. தனக்கு முன்னால் அவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டதுபோல ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த கணம் ஹால் முழுவதும் சிரித்தது.

"வந்துட்டார்யா கய்யூம் பாய்!"

"அதானே பார்த்தேன், கடைசிப் படத்துக்கு ஆளைக் காணோமேன்னு!"

"டாக்டர் சார், எழுந்திருங்கோ! இந்த வாட்டி திமிங்கிலத்துக்குப் பேதியாம்!"

இருட்டுக்குள்ளிருந்து டாக்டரின் குரலும் கேட்டது. சிரிப்பில் அது குழறியது. "நான் எழுந்துக்க மாட்டேன் ஓய்! கப்பல் முழுகினப்புறம்தான்! அவன்கிட்ட சொல்லுங்கோ!"

கைதட்டல் எழுந்தது. வஹீதுக்கு அப்போதுதான் புரிந்தது. "நெசமாத்தான் டாக்டர்! நெசமாத்தான்!" என்று கத்தினார். வாரா வாரம் கத்துகிற அதே வார்த்தை. சிரிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. "அல்லா மேல ஆணையா!" என்றார். பெஞ்சைத் தட்டினார்கள். அவர் மெஷினை நிறுத்தப் போனார். அவசரத்தில் விசை அகப்படவில்லை.

தன் கணவருக்கு எத்தனை பேர், என்று ஜஹீதா நினைத்தாள். இத்தனை பேரும் இவர் வருகைக்காகக் காத்திருந்தார்கள். கூப்பிட்டால் இத்தனை பேரும் ஓடி வருவார்கள். கூப்பிடத்தான் வழியில்லை.

அவள் உள்ளே நடந்தாள். முழங்கால்களை மிதித்தாள், யாருடைய வெற்றிலைப் பெட்டியோ காலில் தட்டி உருண்டது. வெளிச்சத்தின் குறுக்கே போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். கறுத்த நிழல் ஒன்று கப்பலை மறைத்தது.

"டேய், புர்கா மாட்டிக்கினு வந்துட்டாருடா கய்யூம் பாய்!"

சிலருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "சேலை கட்டியிருந்தா இன்னும் அம்சமா இருந்திருக்கும்" என்றது ஒரு குரல். "மீசையைக் காட்டுங்க பாய்!"

ஜஹீதா முகத்திரையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டாள்.

அப்பாவும் அண்ணனும் புருஷனும் தவிர வேறு ஆண் பார்க்காத முகம். அதன் மேல் அலைகள் போய்க்கொண்டிருந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்தியதில் அவளுக்கு எதிரே யாருமே தெரியவில்லை. பேச வாயைத் திறந்தாள்.

முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் நிறுத்தினார். பின்பக்கத்தில் மட்டும் யாரோ சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்து, தனியாகிவிட்டதை உணர்ந்து நின்றார்.

"டாக்டர் சாப்" என்றாள் அவள். "வாங்க."

வாசலில் டாக்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டைப் பையில் சாவியைத் தேடினார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஜஹீதா பின்சீட்டில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கார் திரும்பியதும், "எப்போ ஆரம்பிச்சது?" என்றார்.

"காலையில."

"காலையிலயா? ஏம்மா, அப்பவே..."

"உங்க படம் கெட்டுப்போகும்னாங்க."

லஸ் முனையில் ஒரு கட்டை வண்டி குறுக்கே நின்றது. டாக்டர் ஹாரனை அழுத்தினார். வண்டி போன பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்துக்குள் கார் நுழையாது. இறங்கி ஓடினார்கள். காலையிலிருந்து கய்யூமின் மூச்சுச் சத்தம் சந்து முனைவரை கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது குழாயடியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"சரியாயிடுச்சு போல, டாக்டர் சாப்" என்றாள் ஜஹீதா, ஓடிக்கொண்டே. "தானா சரியாயிடும்னு சொன்னாங்க. சத்தமே இல்லை பாருங்க. இழுப்பு நின்னுடுச்சு."

டாக்டர் இன்னும் வேகமாக ஓடினார்.

கய்யூம் அவள் விட்டுப்போன இடத்திலேயே, தலையணைகள் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். தோள்கள் இறங்கியிருந்தன. ஊசி போட்ட பிறகு இறங்குமே, அதே மாதிரி. பக்கத்தில் ஷாகிரா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் நீளமாகக் கிழித்த வெள்ளைத் துணி இருந்தது. அண்ணியைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஊசி போடுங்க" என்றாள் ஜஹீதா.

டாக்டர் கய்யூமின் கழுத்தில் விரல் வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"போடுங்க."

அவர் பெட்டியைத் திறந்தார். மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடித்தார், சிரிஞ்சில் ஏற்றினார், வழக்கமான தோளில் போட்டார். போட்ட இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டார். பிறகு தரையில் மண்டியிட்டு, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, கய்யூமின் முதுகில் வைத்துக் கேட்கத் தொடங்கினார். ஒரு இடத்தில் கேட்டார். இன்னொரு இடத்தில் கேட்டார். முன்பக்கம் கையை விட்டு நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே சந்தில் செருப்புச் சத்தம் வரத் தொடங்கியது. ஒருவர், இருவர், பிறகு நிறையப் பேர். வாசலுக்கு வந்ததும் சத்தம் நின்றது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"பாபி" என்றாள் ஷாகிரா, மெதுவாக. "படுக்க வைக்கணும். கை கால் விறைச்சுடும். கிப்லாவைப் பார்த்து, மேற்குப் பக்கமாத் திருப்பணும்."

ஜஹீதா தலையாட்டினாள். தலையணைகளில் ஒன்றை உருவித் தள்ளி வைத்தாள். பாயின் சுருக்கத்தை நீவினாள்.

"கொஞ்சம் நகருங்க, டாக்டர் சாப்."

அவர் நகரவில்லை. காதில் ரப்பர் குழாய் இருந்ததால் அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறக்காமலே அவர் ஸ்டெதாஸ்கோப்பை விரலகலம் கீழே நகர்த்தி வைத்தார்.

ஜஹீதா மறுபடி சொல்லவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.