பூவம்மாளின் இரண்டு கடி

நீலமேகம் சொம்பால் அடித்த அடியில் பூவம்மாளுக்கு மிச்சமிருந்த நாலு பல்லும் போயின. மற்றவை இருபது வருடத்தில் ஒவ்வொன்றாக, அதே புருஷன் கையால் போனவை. மாடிப்படியில் விழுந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். குடியிருப்பதோ தரைத்தளம்.

கல்மண்டபத்துப் பல் டாக்டர் ஞானசெல்வி கொடுத்த பல்செட்டைப் போட்டு ஒரு வாரமாகியும் வீட்டில் சோறு இறங்கவில்லை. வலதுபக்கம் இடித்தது, இடதுபக்கம் தூக்கிக்கொண்டது. அளவெடுக்கத் தனியாக வந்தவளை, சரிபார்க்க அவனே கூட்டிவந்து நாற்காலியை ஒட்டி நின்றான். இவள் எதையாவது உளறிவிடக் கூடாதே.

டாக்டர் பல்லிடுக்கில், கடி படும் இடத்தில் புள்ளி விழும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னாள். நீலப்புள்ளி அத்தனையும் வலதுபக்கமே விழுந்தது. அவன் போன் பேச வெளியே போனான். மறுபடி கடித்தால், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்தது. திரும்பி வந்தான், தாடை மறுபடி வலதுபக்கம் ஒதுங்கியது. அவன் அறை எப்போதும் இடது கன்னத்தில்தான் விழும். முகம் விலகியே பழகிவிட்டது.

ஞானசெல்விக்குப் புரிந்துவிட்டது. செட்டில் இடிக்கும் இடத்தைத் தேய்த்து ராவினால் ராவினதுதான், திரும்ப ஒட்ட முடியாது என்றாள். அவனைப் பார்க்காமல், "இப்போ கடிச்சீங்களே அதுக்கு ராவட்டுமா, முன்னாடி கடிச்சதுக்கா?" என்று கேட்டாள்.

பூவம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இந்தாளு இல்லாத கடிக்கே ராவு டாக்டரம்மா. என் தங்கச்சி வூட்லதான் இனிமே துன்னப்போறேன்."

அவன் அறைந்த வேகத்தில் மேல்செட் தெறித்துச் சுவரில் மோதியது. முடியைப் பிடித்து இழுத்தான். பூவம்மாள் கைக்கு எட்டிய இரும்புத் தட்டை எடுத்து அவன் மூக்கில் இறக்கினாள். ரத்தம் பீறிட்டது. இன்னொன்று காதில். மூன்றாவதை ஓங்கும்போது உதவியாளர் சௌக்கத் அலி ஓடிவந்து அவனை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். டாக்டர் போலீசுக்குப் போன் செய்தாள்.

அவன் கதவை உதைத்து, கொன்றுபோடுவேன் என்று கத்திக்கொண்டிருந்தான். பூவம்மாள் செட்டைப் பொறுக்கிக் கழுவினாள். விரிசல் இல்லை. மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தாளை வைத்துக் கடித்தாள்.

புள்ளியெல்லாம் வலதுபக்கம்.

ராவும் மிஷினை எடுத்த டாக்டரின் கையைப் பூவம்மாள் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டும்மா. மொதல்ல போலீசு வந்து அவன இட்டுக்கினு போவட்டும்."