குரலில் ஒரு குறை

ரேலீன் பிக்ஃபோர்டின் அழைப்பு வந்தபோது வாரிக் டன்ஸ்டன் வெங்காயக் கிடங்கின் பின்புறம், லாரிகள் திரும்பும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, மதியத்துக்கு வாங்கிய, கறி அடைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். தெரியாத எண். எடுத்திருக்க வேண்டாம்.

"உங்க நேரத்தை வீணாக்க மாட்டேன் வாரிக். வேலை இல்லைன்னு லெட்டர் வந்துது, பரவால்ல. நீங்கதானே அன்னைக்கு லைப்ரரியில சொன்னீங்க, கிடைக்கலைன்னா மூலையில உக்காந்துடாதீங்க, போன் போட்டு என்ன குறைன்னு கேளுங்கன்னு. அதான் கேக்கறேன்."

சொன்னது உண்மைதான். குளிர்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் அல்வர்ஸ்டன் நூலகத்தில் வேலை தேடுகிறவர்களுக்காக வாரிக் பேசுவான். என்ன உடுத்துவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, இடையில் வேலையில்லாமல் கழிந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது. கிடங்கில் ஆள் எடுக்கிறவன் என்பதால் அவன் பேச்சுக்கு அந்த ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. போன் செய்து கேளுங்கள் என்ற யோசனையை அவன் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் தலையாட்டுவார்கள். இதுவரை ஒருவர்கூட அவனுக்கே போன் செய்து கேட்டதில்லை.

அவளிடம் குறை ஒன்றும் இல்லை. லாரிகளை அனுப்பும் மேசைக்கான அந்த வேலை, விளம்பரம் வருவதற்கு முன்பே முதலாளி கெல்வின் ஓட்ஸின் அக்கா மகன் ப்ரோடிக்கு முடிவாகிவிட்டது. "சும்மா ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டுப் பேசிடுப்பா. நாளைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது பாரு" என்று கெல்வின் சொல்லியிருந்தார். அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தி ரேலீன். மலையடிவாரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். மழையில் நனையாமலிருக்க ஷூக்களைப் பையில் கொண்டுவந்து, வாசலில் குனிந்து மாற்றிக்கொண்டதை அவன் ஜன்னல் வழியே பார்த்தான். மறதி நோய் வந்த அம்மாவைச் சாகும்வரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவள். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தாள். சம்பிரதாயத்துக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று வாரிக் கேட்டான்: சரக்கு ஏற்றத் தாமதமாகி, டிரைவர் கத்திக்கொண்டு வருகிறான், என்ன செய்வீர்கள்?

"நான் குரலை இறக்கிடுவேன். நான் என்ன சொல்றேன்னு கேக்கணும்னா அவர் கத்தறதை நிறுத்தித்தானே ஆகணும்? அம்மாகிட்ட அப்படித்தான் பண்ணுவேன். கத்தறவங்க பாதிப் பேர் பயந்துபோய்க் கத்தறாங்க."

இத்தனை வருடங்களில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அவன் கேட்டதில்லை. கெல்வினிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தான். அன்று மாலை கெல்வின் ப்ரோடியின் தோளில் கைபோட்டபடி உள்ளே வந்தார். நினைத்தது அதோடு போயிற்று.

இப்போது போனில் அவள் காத்திருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். அவளைப் பற்றி அவன் மனதில் தங்கியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வாயில் அதுவே வந்தது.

"உங்க குரல் ரேலீன். ரொம்பத் தணிஞ்ச குரல். இந்த வேலைக்கெல்லாம் கொஞ்சம் அதட்டிப் பேசத் தெரியணும். தன்னம்பிக்கை இல்லாத ஆள் மாதிரி தெரிஞ்சுது."

"ஓ" என்றாள். பிறகு, "இருங்க, எழுதிக்கறேன்." அவள் எழுதும்வரை அவன் காரின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரொம்ப தேங்க்ஸ் வாரிக். யாருமே இப்படி வெளிப்படையாச் சொல்றதில்ல."

மீதி ரொட்டியை அவன் கடற்பறவைகளுக்கு வீசினான். சின்னப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லிக்கொண்டான். இரண்டு நாள் அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. பிறகு வெங்காய அறுவடை வந்தது, மறந்துபோனான்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் நூலகத்தில் மறுபடி கூட்டம். இந்த முறை ஆள் எடுக்கிறவர்களையும் அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் கெல்வின் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாரிக் முதலாளிகள் பக்கம் திரும்பி, "எடுக்காத ஆளுக்கும் காரணத்தை நேர்மையாச் சொல்லுங்க. அது நாம குடுக்கற மரியாதை" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, கையில் ஒரு தகர டப்பா. ரேலீன். அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மாதிரி நேர்காணலுக்கு யாராவது முன்னால் வரலாம் என்று நூலகப் பெண் அழைத்தாள். வழக்கம்போல எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ரேலீன் எழுந்தாள். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, அவன் கேள்வியை முடிப்பதற்குள் ஆரம்பித்தாள்.

"என் பேர் ரேலீன் பிக்ஃபோர்ட்! எனக்கு மனுஷங்களோட வேலை செய்யப் பிடிக்கும்!"

முன்வரிசையில் ஒருவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலா அது? தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்த ஏதோ ஒன்று. கழுத்து நரம்பு புடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூச்சு வாங்கினாள்.

"யம்மா, கடலைத் தாண்டி மெல்போர்ன்ல தூங்கறவன் எழுந்திருப்பான்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அறை சிரித்தது. கெல்வினும் சிரித்தார். ரேலீனும் சேர்ந்து சிரித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"சிரிங்க, பரவால்ல. முன்னாடி நான் பேசறது எனக்கே கேக்காது. வாரிக்தான் போன்ல உண்மையைச் சொன்னார். கடற்கரைக்குப் போய், அலைச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகினேன். போன மாசம் முதியோர் இல்லத்துல ஒரு வேலைக்குக் கூப்பிட்டுப் பேசினாங்க, கிடைக்கல. இன்னும் கொஞ்சம் பழகணும் போல. ஆனா சொல்றதுக்கு ஒரு மனுஷன் இருந்தாரே! அவருக்கு ஒரு கை தட்டுங்க."

கை தட்டினார்கள். கெல்வின் எழுந்து நின்றே தட்டினார். வாரிக்கின் காது மடல்கள் கொதித்தன. இப்போது சொல்லிவிடு என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. கெல்வின் இரண்டடி தூரத்தில் நின்றார். வாரிக் கையைத் தூக்கி, போதும் போதும் என்று அடக்கமானவனைப் போலக் காட்டினான். அந்தக் கையைத் தன் கை என்று நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

தேநீருக்குக் கலைந்தபோது அவள் தகர டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தாள். எலுமிச்சை இனிப்புத் துண்டுகள். "உங்களுக்குத்தான் பண்ணேன், எல்லாருக்கும் குடுங்க" என்றாள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். கெல்வின் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "உன்னை மாதிரி ஆள் வேணும்யா கம்பெனிக்கு" என்று அவன் முதுகில் தட்டினார். வாரிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே ஓடினான்.

தூறிக்கொண்டிருந்தது. கார் நிறுத்தத்தின் விளிம்பில் அவளைப் பிடித்தான். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. "அந்த வேலை முன்னாடியே கெல்வினோட அக்கா மகனுக்குன்னு முடிவாயிடுச்சு. உங்க குரல்ல ஒண்ணுமில்ல ரேலீன். நீங்க கேட்டீங்களேன்னு... வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

அவள் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டாள். பிறகு அதையே கழற்றினாள்.

"அந்த இல்லத்துல ஜன்னலோரமா ஒரு தாத்தா உக்காந்திருந்தார். நான் பேச ஆரம்பிச்சதும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டார். எங்கம்மா மாதிரியே. அப்பவே குரலை இறக்கிடலாமான்னு தோணுச்சு. இல்ல, வாரிக் சொன்னாரேன்னு இன்னும் சத்தமாப் பேசினேன்."

"மன்னிச்சுக்குங்க. நான் அங்க போன் பண்ணிச் சொல்றேன், அவங்ககிட்ட..."

"எங்கிட்ட எதுக்கு இதைச் சொல்றீங்க?" அவள் நூலகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். "சிரிச்சவங்க அங்கதானே இருக்காங்க. நீங்க சொன்னதை நம்பி நாளைக்கு எங்கேயோ போய் உக்காரப் போறவங்களும் அங்கதான் இருக்காங்க."

அவள் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

வாரிக் திரும்பி நடந்தான். நூலக வாசலின் மிதியடியில் கால் வைத்ததும் கண்ணாடிக் கதவு தானாக விலகியது. உள்ளே கோப்பைகளின் சத்தம், கெல்வினின் வெடிச்சிரிப்பு, "எங்கய்யா போனான் நம்ம ஆளு?" என்ற குரல். அவன் அசையாமல் நின்றான். சற்றுப் பொறுத்து, ஆள் இல்லை என்று எண்ணிக்கொண்டதுபோலக் கதவு மூடிக்கொண்டது. சத்தம் அறுந்தது. கண்ணாடியில் மழைத்துளிகளுக்கு நடுவே அவன் முகம் தெரிந்தது. அவன் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினான். கதவு மறுபடி திறந்தது.