பாடைக்குப் பூ

கணவனின் தலைமாட்டிலிருந்து தையல்நாயகி எழுந்ததும் ஒப்பாரி பாதியில் நின்றது. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்த பெண்டாட்டி, எடுக்கிறவரைக்கும் எழக்கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் மகள் அமுதம் காதோரம் வந்து சொன்ன சேதி அப்படிப்பட்டது. செல்லையன் சித்தப்பா கூடையும் கதிரரிவாளுமாகப் பூங்காவுக்குப் போயிருக்கிறாராம், பாடைக்குப் பூ அறுக்க.

தை முகூர்த்தம். காரைக்கால் கடைத்தெருவில் இருந்த பூவெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டது. "நம்ம தையலு வளத்த செவ்வந்தி பூங்காவுல கொட்டிக் கெடக்கு, அறுத்துட்டு வாடா" என்று செல்லையனை அனுப்பியவர் பூமிநாதன், செத்துப்போன நீலமேகத்தின் அண்ணன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய கிராமமான அம்பகரத்தூரில் ஒரு வீட்டில் சாவு என்றால் ஊர்க் கொல்லையெல்லாம் சாவு வீட்டுக் கொல்லைதான். வாழையோ பூவோ, யாரையும் கேட்கவேண்டியதில்லை.

"எங்கடி போற?" என்று அக்கா அஞ்சுகம் கையைப் பிடித்தாள்.

"வந்துர்றேன்க்கா. அவரு எங்கயும் போயிட மாட்டாரு."

சுற்றியிருந்த பெண்கள் வாயில் கைவைத்தார்கள். வைக்கட்டும் என்று அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.

அந்தப் பூங்காவுக்கு முதலில் அவள் போனது செடி ஆசையில் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் நீலமேகம் நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட இருந்த பெண்களைப் பகலில் வெளியே அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் எதிரே இருந்த பூங்காவில் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். தையல்நாயகிக்குச் சும்மா இருக்கிற கை கிடையாது. வயலில் களை பறித்த கை, பாத்தியில் கோரையைக் கண்டால் பிடுங்கும். தோட்ட மேஸ்திரி கபீர் சிலநாள் பார்த்துவிட்டு, "சம்பளமெல்லாம் கெடையாது தங்கச்சி. தண்ணி ஊத்தணும்னா ஊத்துங்க" என்றார். நீலமேகம் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடியலில் போய் வந்தாள். கூலியில்லாத வேலைக்கு ஓடுகிறாளே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவள் பாட்டுக்குச் சும்மா கிடந்த மேட்டைக் கொத்தி, நாற்று விட்டு, நட்டு, கொழுந்து கிள்ளி வளர்த்தாள். இந்தத் தையில் மேடு முழுக்கச் செவ்வந்தி.

நாளைக்குப் புதுச்சேரியிலிருந்து தோட்ட ஆபீசர் வருகிறார். அந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டு, நாற்று விடுகிற வேலைக்கு அவளை எடுப்பதா வேண்டாமா என்று சொல்லுவார். எடுத்தால் அமுதம் பத்தாவது முடிக்கலாம். இல்லையென்றால் ஆத்தாளும் மகளும் பூமிநாதனோடு அம்பகரத்தூருக்குப் போய் மாட்டையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் கெட்டவர் இல்லை. வயிறாரச் சோறு போடுவார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பமாட்டார்.

செல்லையன் பாத்தியில் குனிந்திருந்தான். கூடை இன்னும் காலி. கபீர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாவுக்குப் பூ கேட்டு வந்தவனிடம் எந்த வாயால் இல்லை என்பது?

"அருவாளைக் கீழ வை தம்பி."

"அண்ணனுக்குத்தான அண்ணி."

"தெரியும். வை."

அவன் வைத்தான். அதற்குள் பின்னாலேயே பூமிநாதன் வந்துவிட்டார்.

"என்ன தையலு இது. பொணத்தைப் போட்டுட்டு இங்க வந்து நிக்கிற. கட்டுன புருசனுக்குப் பூ போட மனசில்லியா?"

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ராத்திரியெல்லாம் நீலமேகத்தை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகு தடவிவிட்டவள் அவள்.

"மாமா, இது நம்ம கொல்லை இல்ல. ஊர்ப் பூங்கா. இங்க நான் ஒரு பூ கிள்ளித் தலையில வச்சதில்ல. மொட்டு விட்டுச்சான்னு தெனம் கேப்பாரு உங்க தம்பி. ஒண்ணு கொண்டாயேன்னு ஒருநாளும் கேட்டதில்ல. நாளைக்கு ஆபீசரு வர்றப்ப இங்க பூவில்லாம வெறும் தண்டா நின்னா நான் உங்க வீட்டுக்குத்தான் வரணும். நான் வரல மாமா."

"பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டா?"

"அவளை வச்சுக்கிட்டுத்தான்."

"அப்ப என் தம்பி வெறும் பாடையில போவட்டுங்கிற."

"போவ மாட்டாரு. வாங்க."

வீட்டில் அஞ்சுகம் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு காத்திருந்தாள். திருநள்ளாற்றுக் கோயில் வாசலில் வாங்கிய கதம்பம் ஒரு தட்டு நிறைய இருந்தது. பாடை எடுக்குமுன் பெண்டாட்டிக்கு மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைக்க வேண்டும். பிறகு இந்த ஜென்மத்தில் அவளுக்குப் பூ இல்லை. முறை அதுதான். பெண்கள் சூழ்ந்துகொண்டு சரத்தை எடுத்தபோது தையல்நாயகி கைநீட்டித் தடுத்தாள்.

"எனக்கு வேணாம்க்கா. அவருக்குப் போடலாம்."

"இது ஒனக்குண்டானதுடி. பொணத்துக்குப் போடுறது மொறையில்ல."

"எனக்குண்டானதுதான? நான் குடுக்கறேன்."

தட்டை வாங்கி அவளே பாடையைச் சுற்றிக் கட்டினாள். வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே முடிச்சுப் போட்டாள். பூமிநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் குளித்துத் திரும்பினார்கள். கூடப் போயிருந்த கபீர் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, பதினாறாம் நாளு முடியாம நீங்க வாசப்படி தாண்டக்கூடாதும்பாங்க. ஆபீசருகிட்ட நானே எடுத்துச் சொல்லிர்றேன்."

"நீங்க சொன்னா நீங்க வளத்ததுன்னு நெனைப்பாரு அண்ணே. எத்தனை மணிக்கு வர்றாரு?"

கபீர் பூமிநாதனைப் பார்த்தார். பூமிநாதன் வாசற்படியில் உட்கார்ந்து ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஒம்பதுக்கு" என்றார் கபீர்.

தையல்நாயகி உள்ளே போய், பூங்காவுக்குக் கட்டுகிற நூல் புடவையை அலசிப் பிழிந்து எடுத்துவந்தாள். முற்றத்துக் கொடியில் அதை விரித்ததும், ஈரத்தின் கனத்தில் கொடி தொய்ந்து புடவையின் ஓரம் மண்ணில் புரண்டது. அமுதம் ஓடிவந்து ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். பூமிநாதன் எழுந்து வந்தார். தூணில் இருந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இழுத்து, இறுக்கிக் கட்டினார்.