பால் குடித்த பூட்டு

அங்கே இருந்தவர்கள்:
ரசலையன், ரப்பர் வெட்டுகிறவர். கிரில் கேட்டுக்கு வெளியே.
ஷைஜா, அவர் மனைவி. கேட்டுக்கு உள்ளே.
ஜின்சி, என் தங்கை. யாரும் கூப்பிடாமல் வந்தவள்.
அனிஷ், பக்கத்து வீடு. இதை எழுதுகிற நான்.

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. திற்பரப்பில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை ஏழரை மணிக்கு நடந்தது. திருடிக்கொண்டேன். இரவு ஷிப்டை விட்டு எட்டு மாதமாகிறது. காலையில் விழித்திருக்கிறவன் என்ன செய்வான், வேடிக்கை பார்ப்பான்.

முதல் வரி இப்படி இருந்தது: "விடியலின் மௌனத்தில் ஒரு துருப்பிடித்த பூட்டு" — அடித்துவிட்டேன். பூட்டில் துரு இல்லை. மௌனமும் இல்லை. ரசலையன் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது: "ஷைஜாவுக்கு வேலை கிடைத்திருந்தது." இது இருக்கட்டும்.

2

நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. ஆறு வருடம் பரீட்சை எழுதித் தோற்று, ஏழாவது வருடம் கிடைத்தது. சேரக் கடைசி நாள் அன்று, பத்து மணிக்குள். (முன்னமே போயிருக்கலாமே என்பீர்கள். பிளவுஸ் தைத்து வந்தது முந்தின நாள்தான்.) பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எட்டு பத்து பஸ்ஸை விட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போகும்.

ரசலையன் கூடவே வந்து ஆபீசரிடம் இரண்டு வார்த்தை பேசுவதாக இருந்தார்.

"நீங்க வரண்டாம். நான் ஒத்தைக்குப் போறேன்." ஒரு வாரமாக இதை எங்கள் வீட்டிலிருந்தே கேட்டுவந்தோம்.

3

போன வருடம் ரப்பர் ஷீட் திருட்டுப்போனதிலிருந்து அந்த வீடு ஒரு ஜெயில். ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி. பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. (பின்வாசல் வழியாக வரலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் இத்துடன் நிறுத்தலாம்.) முன்பக்கக் கிரில்லில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. ரசலையன் நாலு மணிக்கு வெட்டப் போகும்போது, தூங்குகிறவளை எழுப்பாமல் வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார்.

அன்று ஆறரைக்கு ஒரு வாளி எடுக்கத் திரும்பி வந்தார். ஷைஜா குளித்துக்கொண்டிருந்தாள். வாளியை எடுத்தவர், பழக்கத்தில் மறுபடியும் பூட்டினார், கையெல்லாம் ரப்பர் பாலோடு. சாவித் துவாரத்தில் பால் இறங்கியது. ஏழரைக்குத் திறக்க வந்தபோது அது காய்ந்து ரப்பராகியிருந்தது.

4

ரசலையன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில், மனைவி வேலைக்குப் போவது பிடிக்காமல் அவரே வேண்டுமென்று பூட்டைக் கெடுத்தார். கதைக்கு எடை கூடியது. அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

"எடை வேணும்னா ரெண்டு கேன் பால் தாறேன், சுமந்து பாரு."

அவள் படித்த ஏழு வருடமும் ராத்திரிச் சோறு வைத்தது அவர்தான். இதில் கதைச் சுவாரசியம் இல்லை என்பதால் எழுதாமல் விடுகிறேன்.*

* விடவில்லை என்று தெரிகிறது.

5

நான் போனபோது ஏழு நாற்பது. சாவி பாதிதான் நுழைந்தது.

"தேங்காயெண்ணெய் விட்டியளா அண்ணே?"

"அரைக் குப்பி விட்டாச்சு."

"இனி கடுகு போட்டுத் தாளிச்சிரலாம்," என்றாள் ஜின்சி.

நான்கு வருடம் அமெரிக்காக்காரர்களுக்குப் பிரிண்டர் அடைப்பைப் போனிலேயே சரிசெய்தவன் நான். அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "ஆசிட் விட்டா உருகிரும்."

"ஏலே, ஆசிட் விட்டுத்தான் பாலை உறைய வைக்கோம். நீ எந்த ஊருக்காரன்?"

"அவன் அமெரிக்கா," என்றாள் ஜின்சி.

ஹாக்சா பிளேடு கொண்டுவந்து சங்கிலியை அறுத்தேன். பத்து நிமிடத்தில் பெயின்ட் மட்டும் போயிற்று. மணி எட்டு. ரசலையன் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். அவர் கண்கள் கலங்கி

இல்லை. வியர்வை.

6

"எல்லாரும் மாறி நில்லுங்கோ," என்றாள் ஷைஜா.

தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, கம்பிக்கிடையில் கையை விட்டுப் பூட்டைப் பிடித்தாள். மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருப்பதைத் தினமும் உரித்தெடுப்பவள் அவள். வெடுக்கென்று இழுத்தால் அறும், மெல்ல நீட்டினால் முழுசாக வரும். நுனியை ஊசியில் கோத்து நீட்டினாள். வெள்ளையாக ஒரு இழை வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, இதென்ன நாக்குப்பூச்சியா?"

"உங்க கைப்புண்ணியம்."

சாவி திரும்பியது. ரசலையன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். ஜின்சி அந்த இழையைக் காதில் கம்மல் மாதிரி தொங்கவிட்டுக் காட்டினாள். நானும் சிரித்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை என்று எழுதலாம். எண்ணவில்லை.

7

முடிவுகள். (அ) பஸ் போய்விட்டது. எழுதிக் கிழித்தேன். (ஆ) இருவரும் கைகோத்துப் பஸ் ஏறுகிறார்கள். எழுதும்போதே கூச்சமாக இருந்தது. (இ) நடந்தது:

"நில்லு, சட்டை மாத்தீட்டு நானும் வாறேன்," என்று ரசலையன் உள்ளே ஓடினார். வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ஷைஜா என்னைப் பார்த்தாள். பிறகு கிரில்லை இழுத்துச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, எண்ணெய்க் கையை என் சட்டையில் துடைத்துக்கொண்டு பூட்டினாள்.

சாவி என் கைக்கு வந்தது. "பஸ் போன பொறவு திறந்துவிடு மக்கா."

ஏறிப் போய்விட்டாள். எவ்வளவு பிறகு என்று சொல்லவில்லை. அடுத்த பஸ் அரை மணி நேரத்தில்; உடனே திறந்தால் அவர் அதில் ஏறிப் பின்னாலேயே போய்விடுவார். சாவியை உங்களிடம் தருகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். ரசலையன் கடைசிப் பொத்தானைப் போட்டபடி வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார். பூட்டு இப்போது நன்றாக வேலை செய்கிறது.